பஃபரும் ஒரு தாக்கிதான்: மலைநாட்டு மண், நீர் ஆய்வுகூடங்களுக்கு ஒரு திறந்த மடல்

மலைநாட்டின் மண், நீர் ஆய்வுகூடங்களுக்குப் பொறுப்பாக இருப்பவர்களுக்கும், பட்டதாரி மாணவர்களின் ஆய்வுகளை மேற்பார்வை செய்யும் விரிவுரையாளர்களுக்கும், பரிசோதனை முறைக் கையேடுகளைத் தயாரிக்கும் குழுக்களுக்கும்,

வணக்கம்.

ஹட்டன் பக்கத்தில் மண்ணையும் நீரையும் சோதிக்கும் வேலையில் பல ஆண்டுகளைக் கழித்துவிட்ட ஒரு தொழினுட்ப உத்தியோகத்தன் என்ற முறையில், ஒரேயொரு விடயத்தைப் பற்றி இம்மடலை எழுதுகிறேன். இரும்பு, மங்கனீசு ஆகியவற்றின் கனியங்களை வைத்துப் பரிசோதனை செய்யும்போது, பீ.எச். பெறுமானம், அதாவது அமில, காரத் தன்மையின் அளவு, அசையாமல் இருக்க வேண்டும் என்பதற்காக நாம் சேர்க்கும் தாங்கற் கரைசல், அந்தக் கனியத்தோடு தானும் தாக்கமடைந்து அதை வேறொரு பொருளாக மாற்றிவிடக் கூடும். நம்முடைய அறிக்கைகளோ அந்தக் கரைசலை வெறும் பாத்திரத்தைப் போலக் கருதி, பெயரைக்கூட எழுதாமல் கடந்துபோகின்றன.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுகிறேன். பீ.எச். மானியைக் காலையில் திருத்தி அமைப்பதற்கு நாம் பயன்படுத்தும் 4.01, 7.00, 10.01 என்ற நியமக் கரைசல்களைப் பற்றி எனக்கு எந்த முறைப்பாடும் இல்லை. மின்வாயை நன்றாகக் கழுவிவிட்டு மாதிரிக்குள் இறக்கினால் அவற்றின் வேலை அத்தோடு முடிந்துவிடுகிறது. நான் பேசுவது, கனியம் இருக்கும் அதே குழாய்க்குள் நாள்கணக்கில் கூடவே கிடக்கும் கரைசல்களைப் பற்றி, அதாவது ஆய்வுகூடப் பேச்சில் நாம் பஃபர் என்று சுருக்கமாகச் சொல்லும் ஹெப்பீஸ், பைப்ஸ், மெஸ், மொப்ஸ், டிரிஸ், பொசுபேற்று, சித்திரேற்று போன்றவற்றைப் பற்றியே.

இது மலைநாட்டுக்கு ஏன் முக்கியம் என்று கேட்பவர்கள், எந்தத் தோட்டத்துப் பீலிக்கரையிலாவது (மலைநீர் குழாய்வழி விழும் இடத்தில்) ஒரு நிமிடம் குனிந்து பார்த்தால் போதும். தண்ணீர் விழும் இடத்தில் இருக்கும் கற்களின் மேல், விரலால் தேய்த்தால் புகைக்கரி போல ஒட்டிக்கொள்ளும் கறுப்புப் பூச்சு ஒன்று பல இடங்களில் இருக்கும். அதன்மேல் ஒரு துளி ஐதரசன் பேரொட்சைட்டை விட்டால் உடனே நுரைத்துப் பொங்கும். மங்கனீசு ஒட்சைட்டை இனங்காண்பதற்கு வெளிக்களத்தில் செய்யக்கூடிய மிக எளிய சோதனை இது. இந்தப் பூச்சு நீரிலுள்ள ஈயம், கோபாற்று, நிக்கல் போன்ற உலோகங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடிமானம் குலைந்தால் அவற்றை மீண்டும் நீருக்கே கொடுத்துவிடும். தேயிலைச் செடிக்கு 4.5 முதல் 5.5 வரையான அமிலத்தன்மை உகந்தது என்பதால், நமது செம்மஞ்சள் மண்ணில் மங்கனீசு கரைந்து நடமாடுவதற்கும் அதிக வாய்ப்பு இருக்கிறது. குடிநீரில் மங்கனீசு பற்றிய உலகச் சுகாதார நிறுவனத்தின் தற்காலிக வழிகாட்டிப் பெறுமானம் 2021 இல் லீற்றருக்கு 0.08 மில்லிகிராம் என்று நிர்ணயிக்கப்பட்டது. ஆகவே, இந்தக் கறுப்புக் கனியம் எந்த நிலையில் கரைகிறது, எந்த நிலையில் நிலைத்து நிற்கிறது என்ற கேள்விக்கு நாம் கொடுக்கும் விடை, பீலித் தண்ணீரைக் குடிக்கும் லயத்து (தோட்டத்து வரிசைவீட்டு) மக்களுக்கு நேரடியாகத் தொடர்புடையது.

பஃபர் தேவையே இல்லை என்று வாதிடுவது என் நோக்கமல்ல. நால்வலு மங்கனீசு தாழ்த்தப்பட்டு, அதாவது இலத்திரன்களை ஏற்று, இருவலு அயனாகக் கரையும்போது, ஒவ்வொரு மங்கனீசு அணுவுக்கும் நான்கு ஐதரசன் அயன்கள் செலவாகின்றன, அதனால் பீ.எச். ஏறும். இருவலு இரும்பு ஒட்சியேற்றப்பட்டு, அதாவது இலத்திரனை இழந்து, ஐதரொட்சைட்டாகப் படியும்போது, ஓர் இரும்பு அயனுக்கு இரண்டு ஐதரசன் அயன்கள் வெளிவருகின்றன, அதனால் பீ.எச். இறங்கும். இருவலு இரும்பு வளியிலுள்ள ஒட்சிசனால் ஒட்சியேற்றப்படும் வேகம், நடுநிலைக்கு அண்மையில், பீ.எச். ஓர் அலகு ஏறினால் நூறு மடங்கு கூடும் என்பது 1961 முதலே அறியப்பட்ட உண்மை. இப்படிப்பட்ட தாக்கங்களைப் பீ.எச். கட்டுப்பாடு இல்லாமல் ஆராய்ந்தால் கிடைக்கும் எண்களுக்குப் பொருளே இருக்காது. பீ.எச். நிலையாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதை எதைக் கொண்டு நிலைநிறுத்துகிறோம் என்பதில்தான் பிழை நுழைகிறது.

அந்தப் பிழையை நானே செய்தவன் என்பதால்தான் எழுதத் துணிந்தேன். இறுதியாண்டு மாணவி ஒருவர், கவ்வாத்துக்குப் பின், அதாவது செடியை வெட்டிவிட்ட பின், தேயிலை நிரையில் கிடக்கும் இலைச் சருகிலிருந்து மழைநீரோடு வடியும் பொலிபீனோல்கள் மங்கனீசு ஒட்சைட்டை எவ்வளவு விரைவாகக் கரைக்கின்றன என்று பார்க்க விரும்பினார். அருமையான கேள்வி, இந்த மண்ணில் பிறந்தவருக்குத்தான் அப்படியொரு கேள்வி தோன்றும். பொற்றாசியம் பரமங்கனேற்றையும் செறிந்த ஐதரோக்குளோரிக் அமிலத்தையும் கொதிக்கவைத்து பேர்னசைற்று என்ற கறுப்பு ஒட்சைட்டைத் தயாரித்து, கழுவி, பீ.எச். 6.5 இல் பைப்ஸ் கரைசலில் தொங்கலாக்கினார், அதாவது கரையாத தூளாகக் கலக்கிவைத்தார். சில குழாய்களில் சருகுச் சாற்றை ஊற்றினார், சிலவற்றில் ஊற்றவில்லை. பைப்ஸைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான். அலுமாரியில் அந்தப் போத்தல் இருந்தது, அதன் தாங்கும் எல்லை 6.5 க்குப் பொருந்தியது. அதற்குமேல் நான் ஒன்றும் யோசிக்கவில்லை.

சாறு ஊற்றாத குழாய்களின் வடிதிரவத்தில் மங்கனீசு ஏறக்குறைய இல்லை என்று அணு உறிஞ்சல் மானி காட்டியது. நாங்கள் திருப்தியடைந்தோம். ஆனால் அந்த மாணவி, திண்மத்தையும் பார்த்துவிடலாம் என்று, மிஞ்சிய கறுப்புத் தூளை ஒட்சலேற்றும் சல்பூரிக்கமிலமும் சேர்த்துக் கரைத்து, எஞ்சிய ஒட்சலேற்றைப் பரமங்கனேற்றுக்கு எதிராக நியமித்தார், அதாவது துளித்துளியாக விட்டு அளந்தார். உயர்தர மாணவர்கள் செய்யும் அதே நியமிப்புத்தான். சாறே படாத கனியத்தின் ஒட்சியேற்றும் வலு, முதல் நாள் இருந்ததைவிடக் குறைந்திருந்தது. குழாய் சரியாகக் கழுவப்படவில்லை என்று நான் சொன்னேன். நைத்திரிக்கமிலத்தில் ஊறவைத்துக் கழுவி மீண்டும் செய்தார், மீண்டும் குறைந்தது. மூன்றாம் முறையும் நான் கண்ணாடிப் பாத்திரத்தையே குறை சொன்னேன். பிறகு அவர், பைப்ஸ் இல்லாமல், வெறும் நீரில் கனியத்தை இட்டு, நேரத்துக்கு நேரம் ஒரு துளி ஐதான அமிலமோ காரமோ விட்டுப் பீ.எச்.ஐப் பிடித்துவைத்த குழாய் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். அதில் அந்தக் குறைவு இருக்கவில்லை. அந்தப் பிள்ளையின் இரண்டு கிழமை உழைப்பை நான் வீணாக்கியிருந்தேன்.

இதன் இரசாயனம் மறைபொருளொன்றும் அல்ல. 1966 இல், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் நோர்மன் குட் என்பவரும் அவரது சகாக்களும் உயிரியல் ஆய்வுகளுக்கென்று ஒரு தொகுதித் தாங்கற் பொருள்களை முன்மொழிந்தார்கள். மெஸ், பைப்ஸ், ஹெப்பீஸ் எல்லாம் அந்தக் குடும்பத்தவை. நீரில் நன்கு கரைய வேண்டும், கலமென்சவ்வைக் கடக்கக் கூடாது, உலோக அயன்களோடு அதிகம் பிணையக் கூடாது, ஒளியை உறிஞ்சக் கூடாது என்றெல்லாம் நிபந்தனை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். கலங்களையும் நொதியங்களையும் மனதில் வைத்து எழுதிய நிபந்தனைகள் அவை. நால்வலு மங்கனீசு போன்ற வலிய ஒட்சியேற்றும் கருவியின் பக்கத்தில் இந்த மூலக்கூறுகள் எப்படி நடந்துகொள்ளும் என்பது அவர்களுடைய கேள்வியே அல்ல. ஹெப்பீஸிலும் பைப்ஸிலும் பைப்பரசீன் என்ற வளையம் இருக்கிறது. அதிலுள்ள நைதரசன் அணு ஓர் இலத்திரனை எளிதில் விட்டுக்கொடுக்கும். பைப்பரசீன் வளையமுள்ள தாங்கற் பொருள்கள் ஒட்சியேற்றப்பட்டுச் சுயாதீன மூலிகங்களை (சோடியில்லாத இலத்திரன் உள்ள துணிக்கைகளை) தருகின்றன என்று 1988 இலேயே காட்டப்பட்டது. அதே வளையத்தைக் கொண்ட சிப்ரோபுளொக்சசின் என்ற நுண்ணுயிர்கொல்லி மருந்தை மங்கனீசு ஒட்சைட்டு அந்த வளையத்தில்தான் தாக்குகிறது. இவ்வளவும் போதாதென்றால் இன்னொன்று சொல்கிறேன்: பொன்னின் உப்புக் கரைசலிலிருந்து பொன் நுண்துணிக்கைகளைத் தயாரிப்பவர்கள், தாழ்த்தும் கருவியாக வேண்டுமென்றே ஹெப்பீஸைச் சேர்க்கிறார்கள். ஒருவர் தாழ்த்தும் கருவி என்று விலைகொடுத்து வாங்கும் பொருளை, நாம் சும்மா இருக்கும் பொருள் என்று நம்பி மங்கனீசு ஒட்சைட்டின்மேல் ஊற்றுகிறோம்.

அளவைப் பற்றிய ஒரு சிறு கணக்கையும் வைக்கிறேன். லீற்றருக்கு 20 மில்லிமூல் பஃபர் என்பது வழக்கமான செறிவு. அதில் லீற்றருக்கு 0.1 கிராம் மங்கனீசு ஈரொட்சைட்டைத் தொங்கலாக்கினால், கனியத்தின் அளவு ஏறத்தாழ 1.15 மில்லிமூல்தான், பஃபர் பதினேழு மடங்கு மிகையாக இருக்கிறது. பஃபர் மூலக்கூறுகளில் நூற்றில் ஒன்று மட்டும் இரண்டு இலத்திரன்களைக் கொடுத்தது என்று வைத்துக்கொள்வோம். அது 0.4 மில்லிமூல் இலத்திரன். கனியம் முழுவதும் ஏற்கக்கூடியதோ 2.3 மில்லிமூல். அதாவது பஃபரில் நூற்றில் ஒரு பங்கு செலவாவதற்குள், கனியத்தின் ஒட்சியேற்றும் கொள்ளளவில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். மீதித் தொண்ணூற்றொன்பது பங்கும் பீ.எச்.ஐ அசையாமல் பிடித்துக்கொண்டிருப்பதால், மானியைப் பார்ப்பவருக்கு எதுவுமே நடக்காததுபோல் தெரியும்.

வடிதிரவத்தில் மங்கனீசு இல்லையே என்று நாங்கள் ஏமாந்ததற்கும் காரணம் உண்டு. பேர்னசைற்றின் படலங்களில் வெற்றிடங்கள் இருக்கின்றன. தாழ்த்தப்பட்டு உருவாகும் இருவலு மங்கனீசை அந்த வெற்றிடங்களே பிடித்துக்கொள்கின்றன. பிடிபட்ட இருவலு மங்கனீசு பக்கத்திலுள்ள நால்வலு மங்கனீசோடு சேர்ந்து மூவலு மங்கனீசாகவும் மாறலாம். நடுநிலைக்குச் சற்று மேற்பட்ட பீ.எச்.இல் இருவலு மங்கனீசு பேர்னசைற்றோடு தாக்கமடைந்து பைற்கினெற்றைற்று என்ற வேறொரு கனியத்தையும், நாளடைவில் மங்கனைற்றையும் தரும் என்பது அறியப்பட்டது. ஆகவே கரைசல் தெளிவாக இருக்கும்போதே திண்மம் உருமாறிக்கொண்டிருக்கலாம். கரைசலை மட்டும் அளக்கும் ஆய்வுகூடம் இதை ஒருபோதும் காணாது.

இந்த இடத்தில் மேற்பார்வையாளர்கள் சிலர் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்றிருக்கிறது: சாறு ஊற்றாத கட்டுப்பாட்டுக் குழாயில் வந்த பெறுமானத்தைக் கழித்துவிட்டால் போயிற்று. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அமிலத்திலுள்ள மாசைக் கழிப்பது போன்ற காரியமல்ல இது. சருகுச் சாறு இருக்கும் குழாயில், பஃபரும் பொலிபீனோலும் கனியத்தின் ஒரே மேற்பரப்புக்குப் போட்டியிடுகின்றன. பஃபர் தனியாக இருக்கும்போது செய்யும் அதே அளவு வேலையை அங்கேயும் செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. அத்தோடு, பஃபரால் ஏற்கெனவே மூவலு மங்கனீசு கூடிவிட்ட மேற்பரப்பு, புதிதாகத் தயாரித்த மேற்பரப்பைப் போல உலோகங்களைப் பிடிக்காது, அதே வேகத்தில் ஒட்சியேற்றவும் செய்யாது. வேறொரு கனியத்தில் அளந்ததிலிருந்து எதைக் கழித்தாலும், பீலிக் கல்லிலுள்ள கனியத்துக்கு உரிய விடை வராது.

இரும்பின் கதை சற்று வேறு. அங்கே தாழ்த்தலைவிடப் பிணைதலும் படிதலும் பெரிய தொல்லை. பொசுபேற்று, இரும்பு ஒட்சைட்டுகளின் மேற்பரப்பில் இறுக ஒட்டிக்கொண்டு, பெரிகைதிரைற்று என்ற ஒழுங்கற்ற துரு கோதைற்றாக மாறுவதைத் தடுக்கிறது. இருவலு இரும்பு இருந்தால் விவியனைற்று என்ற இரும்புப் பொசுபேற்றாகப் படிகிறது. குழாயின் அடியில் வெண்மையாகப் படிந்து, வளி பட்டதும் மெல்ல நீலம் பாயும் படிவு அது. அதைக் கண்டு புதிய கனியம் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். சித்திரேற்று இரும்பைக் கரைசலுக்குள் இழுத்தெடுக்கும்; யன்னலோர வெளிச்சத்தில் வைத்தால் மூவலு இரும்பை இருவலுவாகத் தாழ்த்தியும் விடும். இருகாபனேற்றுக்கூட முற்றிலும் சாதுவல்ல. செறிவு கூடினால் இருவலு இரும்பு சிடரைற்று என்ற காபனேற்றாகப் படியும். ஆனாலும் அது இயற்கை நீரிலேயே இருக்கும் பொருள் என்பதால், அதன் குற்றத்தை நான் பெரிதுபடுத்த மாட்டேன். மெஸ் பற்றியும் கேட்பார்கள். அதில் பைப்பரசீன் இல்லை, மோர்போலின் வளையமே இருக்கிறது. மேலே சொன்ன 1988 ஆம் ஆண்டு ஆய்வில் அது மூலிகத்தைத் தரவில்லை. இருந்தும் அதன் நைதரசனும் மூன்று காபன்களோடு இணைந்த நைதரசன்தான் என்பதால், மங்கனீசு ஒட்சைட்டின் முன்னால் சோதித்துப் பார்க்காமல் அதற்கு நற்சான்றிதழ் கொடுக்க எனக்கு மனமில்லை.

இவ்வகை எச்சரிக்கை நமக்குப் புதியதுமல்ல. மண்ணிலுள்ள ஒழுங்கற்ற இரும்பு ஒட்சைட்டைப் பீ.எச். 3 இல் அமோனியம் ஒட்சலேற்றால் பிரித்தெடுக்கும்போது, போத்தலைக் கறுப்புத் துணியால் சுற்றி இருட்டில் குலுக்குகிறோம். வெளிச்சம் பட்டால் ஒட்சலேற்று பளிங்குருவான ஒட்சைட்டையும் தாழ்த்திக் கரைத்துவிடும் என்பதை நேற்று வேலைக்கு வந்த உதவியாளரும் அறிவார். சுற்றாமல் வைத்தால் ஏச்சு வாங்குவார். சேர்க்கும் கரைசல் கனியத்தைத் தாக்கும் என்பதை அந்த ஒரு முறையில் ஏற்றுக்கொண்ட நாம், அலுமாரியின் அடுத்த தட்டிலிருக்கும் ஹெப்பீஸ் போத்தலுக்கு மட்டும் ஏன் விலக்களிக்கிறோம் என்று எனக்கு விளங்கவில்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது, பெரும்பாலும் செலவில்லாத காரியங்கள். மங்கனீசு ஒட்சைட்டை வைத்துச் செய்யும் பரிசோதனைகளில் ஹெப்பீஸ், பைப்ஸ் போன்ற சேதனத் தாங்கற் பொருள்களைக் கைவிட்டு, ஐதான அமிலத்தையும் காரத்தையும் துளித்துளியாக விட்டுப் பீ.எச்.ஐ நிலைநிறுத்தும் முறையைக் கையேடுகளில் முதன்மை முறையாக எழுதுங்கள். தானியங்கி நியமிப்புக் கருவி உள்ள இடங்களில் அது இரவெல்லாம் தானே பார்த்துக்கொள்ளும். கருவி இல்லாத இடங்களில் அளவியும் (துளி விட்டு அளக்கும் குழாயும்) காந்தக் கலக்கியும் பொறுமையுள்ள ஒரு மாணவரும் இருந்தால் சில மணி நேரப் பரிசோதனைகளைத் தாராளமாகச் செய்யலாம், பீ.எச். 0.1 அலகு அங்குமிங்கும் போனால் அதையும் மறைக்காமல் எழுதிவிடலாம். இந்த முறையில் இன்னோர் ஆதாயமும் உண்டு. எவ்வளவு அமிலம் செலவானது என்பதே ஒரு தரவு. மங்கனீசு தாழ்த்தப்படும்போது செலவாகும் ஐதரசன் அயன்களின் கணக்கு அளவியில் தெரிகிறது. பஃபர் சேர்த்தால் அந்தக் கணக்கை பஃபரே விழுங்கிவிடுகிறது. நாமோ அதைக் கட்டுப்பாடு என்று சொல்லி மகிழ்கிறோம்.

நுண்ணுயிர்களை வளர்த்துச் செய்யும் ஆய்வுகளில் பஃபரைத் தவிர்க்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே செறிவைக் குறைக்கலாம். வெளிச்சத்தை மறைக்கலாம், ஹெப்பீஸும் ரிபோபிளேவின் என்ற விற்றமினும் சேர்ந்திருக்கும் வளர்ப்பூடகத்தை வெளிச்சத்தில் வைத்தால் ஐதரசன் பேரொட்சைட்டு உருவாகும், பீலிக் கல்லில் நுரைத்த அதே பேரொட்சைட்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, உயிரற்ற கட்டுப்பாட்டுக் குழாய் இரண்டு வேண்டும்: கனியமும் பஃபரும் மட்டும் உள்ள ஒன்று, கனியமும் நீரும் மட்டும் உள்ள ஒன்று. இரண்டிலும் முதல் நாளும் கடைசி நாளும் திண்மத்தை ஒட்சலேற்று நியமிப்பால் அளந்து, மொத்த மங்கனீசோடு ஒப்பிட்டுச் சராசரி ஒட்சியேற்ற எண்ணைக் கணிக்க வேண்டும். கனியத்தின் பளிங்கமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர்க் கோணல் கருவிக்காகப் பேராதனைக்கோ கொழும்புக்கோ மாதிரி அனுப்ப வசதி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் நியமிப்பு ஒன்றே பெரும்பாலான பிழைகளைக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு கட்டுப்பாட்டுக் குழாய்களும் இல்லாத ஆய்வறிக்கையை, பரீட்சகர்கள் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதே என் வேண்டுகோள்.

கடைசியாக, பழைய பதிவேடுகள். இம்மடலை எழுதுவதற்கு முன், எங்கள் ஆய்வுகூடத்தின் குறிப்பேடுகளைப் புரட்டினேன். என்னுடைய கையெழுத்திலேயே பல பக்கங்களில் "பஃபர், 7" என்று மட்டும் இருக்கிறது. எந்தப் பொருள், என்ன செறிவு, எப்போது திறந்த போத்தல் என்று ஒன்றுமில்லை. ஹெப்பீஸா பொசுபேற்றா என்று இன்று என்னாலேயே சொல்ல முடியாத அந்தப் பக்கங்களின் ஓரத்தில், மங்கனீசு, இரும்பு சம்பந்தப்பட்டவற்றுக்கு மட்டும் சிவப்புப் பேனாவால் ஒரு கேள்விக்குறி போட்டு வருகிறேன். அந்த எண்களை வைத்து எழுதிய அறிக்கைகளில் இரண்டு, தோட்டங்களுக்கு நீர் பற்றிய ஆலோசனையாகவும் போயிருக்கின்றன. அவற்றை வாங்கியவர்களுக்கு, அந்தப் பரிசோதனைகள் மீண்டும் செய்யப்படும் வரை பெறுமானங்களை நம்ப வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். நீங்களும் உங்கள் அலுமாரிகளிலுள்ள குறிப்பேடுகளைத் திறந்து, அதே காரியத்தைச் செய்வீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். கனியமும் பஃபரும் மட்டும் இட்ட குழாய்கள் சில எங்களிடம் இன்னும் இருட்டில் வைக்கப்பட்டிருக்கின்றன. தங்கள் ஆய்வுகூடத்தில் நியமித்துப் பார்க்க விரும்புபவர்களுக்கு அவற்றில் பாதியைக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன்.

இவ்வண்ணம்,
மண், நீர் ஆய்வுகூடத் தொழினுட்ப உத்தியோகத்தர் ஒருவர்,
ஹட்டன்.